சுவருக்குள் போகிற வேலை: பிளம்பிங் கற்க வருகிறவர்களுக்கு

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு பிளம்பிங் கற்கலாமா என்று கேட்கும் பையனுக்கு ஊரில் இரண்டு விதமாகப் பதில் கிடைக்கும். "ஐ.டி.ஐ.யில் சேரு, கையில் சர்டிஃபிகேட் இருந்தால்தான் மரியாதை" என்பார் ஒருவர். "அங்கே என்ன சொல்லித்தரப் போகிறார்கள், ஆறு மாதம் யாரிடமாவது ஹெல்ப்பராகப் போ, எல்லாம் தானாக வரும்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஓராண்டு ஐ.டி.ஐ., பிறகு சரியான ஆளிடம் இரண்டு ஆண்டு சைட் வேலை என்பதுதான் நான் சொல்வது. முன்பின்னாகச் செய்தாலும் குற்றமில்லை. ஒன்றை அடியோடு விட்டால் பின்னால் எங்காவது இடிக்கும்.

ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும்; 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு மேல் வரம்பு கிடையாது. பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் விண்ணப்பம் திறப்பார்கள். மே, ஜூனில் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறாது. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, ஷூ உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் தமிழ்ப் புதல்வன் அல்லது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். வீட்டில் "ஒரு வருஷம் சும்மாவா போகும்?" என்று கேட்பவர்களிடம் முதலில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஐ.டி.ஐ.யின் குறையும் தெரிந்திருக்கட்டும். அங்கே ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் மரை போட்டுப் போட்டுக் கை காய்த்துவிடும். சைட்டுக்கு வந்தால் வீட்டு வேலை முழுக்க சி.பி.வி.சி., யு.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பைப்புகள்தான். தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் திருப்பிவிடும், சுவருக்குள் மறையும் டைவர்ட்டர், சுவரில் தொங்கும் கம்மோடு எல்லாம் பல பயிற்சிக்கூடங்களில் இருக்காது. அதற்காக ஜி.ஐ. வேலையை அலட்சியம் செய்யாதீர்கள். தீயணைப்பு லைன், தொழிற்சாலை, பம்ப் ரூம் எங்கும் இரும்புதான். மரை வெட்டும் டையைப் பிடித்து எண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே போய்க் கால்சுற்று பின்னே வந்து பிசிறை உடைக்கும் பழக்கம் பயிற்சிக்கூடத்தில் வந்தால்தான் உண்டு; சைட்டில் அந்தப் பொறுமைக்கு யாரும் நேரம் தரமாட்டார்கள். அரை, முக்கால் அங்குலப் பைப்பில் அங்குலத்துக்கு 14 மரை, ஒரு அங்குலம் முதல் 11 மரை என்பது கைக்குத் தெரிந்துவிட்டால், தவறான ஃபிட்டிங்கைத் திருகத் தொடங்கிய இரண்டாம் சுற்றிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

படிப்பு முடிந்ததும் 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பெரிய நிறுவனங்களில் தொழிற்பழகுநராகச் சேரலாம். நிறுவனம் தரும் உதவித்தொகையில் ஒரு பங்கை ஒன்றிய அரசு ஏற்கிறது. ஓராண்டு ஒதுக்க முடியாதவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நடத்தும் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையம் அந்த வகை. ஏற்கெனவே சைட்டில் வேலை கற்றவருக்குத் தேர்வு மட்டும் வைத்துச் சான்றிதழ் தரும் முன்கற்றல் அங்கீகாரமும் இருக்கிறது. காகிதத்துக்காக மட்டும் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை.

இனி, யாரிடம் வேலைக்குச் சேர்வது? சம்பளம் எவ்வளவு, சைட் பக்கமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "அண்ணே, சுவரை மூடுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பம்ப் போடுவீங்களா?" அவர் "தண்ணியைத் திறந்து விட்டா தெரிஞ்சிடும்" என்று சிரித்தால் வேறு ஆளைப் பாருங்கள். பைப்பில் தண்ணீரை அழுத்தி ஏற்றிக் கசிவைக் காட்டும், கையால் அடிக்கும் சின்ன டெஸ்ட் பம்ப்பைச் சொந்தமாக வைத்திருக்கிறவர் தன் வேலையின் தப்பைத் தானே தேடுகிறவர். அவரிடம் இரண்டு வருடத்தில் கற்பதை, பம்ப் இல்லாதவரிடம் பத்து வருடம் இருந்தாலும் கற்க முடியாது. தப்பு எது என்று அங்கே யாருக்குமே தெரியப்போவதில்லை.

முதல் சில மாதம் காடி (பைப் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்) வெட்டுவதும், பைப் தூக்குவதும், கடைக்கு ஓடுவதும்தான். கடைக்கு ஓடுவதை இழிவாக நினைக்க வேண்டாம். பொருளின் பெயர் பழகுவது அங்கேதான். எல்போ, டீ, கப்ளிங், யூனியன், ரெடியூசர், டேங்க் நிப்பிள், பிராஸ் எஃப்.டி.ஏ. (உள்மரை உள்ளது), எம்.டி.ஏ. (வெளிமரை உள்ளது), என்.ஆர்.வி. (தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு), ஆங்கிள் காக், பாட்டில் ட்ராப் என்று ஒவ்வொன்றையும் அளவோடு சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். புதியவர்கள் அடிக்கடி மாட்டும் இடம் ஒன்று இருக்கிறது. அரை அங்குல சி.பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 15.9 மி.மீ.; அரை அங்குல யு.பி.வி.சி. 21.3 மி.மீ. பெயர் ஒன்று, உடம்பு வேறு. ஒன்றின் ஃபிட்டிங் மற்றதில் ஏறாது, ஒட்டும் சால்வெண்டும் வேறு. சுடுதண்ணீர் லைனுக்கு சி.பி.வி.சி.தான் போக வேண்டும். அது 93 டிகிரி வரை தாங்கும். யு.பி.வி.சி.யை கீசரில் கொடுத்தால் இளகித் தொய்ந்து ஜாயிண்டில் விட்டுவிடும்.

காடி வெட்டும்போதும் கணக்கு இருக்கிறது. நெடுக்காக (மேலிருந்து கீழாக) வெட்டினால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம், கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. ஒன்பது அங்குலச் சுவரில் மூன்று அங்குலமும் ஒன்றரை அங்குலமும் வரும். நாலரை அங்குலச் சுவரில் கிடைக்காடி முக்கால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அதில் பைப்பே சரியாக மறையாது. எனவே மெல்லிய சுவரில் பைப்பைத் தரையோடு கொண்டுபோய், வேண்டிய இடத்தில் நெடுக்காக ஏற்றுவதே முறை. தூணையும் பீமையும் தொடவே கூடாது. "கொஞ்சம்தானே" என்று என்ஜினீயர் இல்லாத நேரத்தில் யார் சொன்னாலும் உளியைக் கீழே வையுங்கள்.

சால்வெண்ட் ஜாயிண்ட் பார்க்கச் சுலபம். அதனால்தான் அதில் அதிகம் கெடுகிறது. ராட்செட் கட்டரால் நேராக வெட்டுங்கள். ஹாக்ஸா என்றால் கோணல் வராமல் பாருங்கள். உள்ளும் வெளியும் பிசிறை எடுத்து, வெளி விளிம்பைச் சற்றுச் சாய்வாகத் தேய்த்துவிடுங்கள்; இல்லாவிட்டால் கூரான விளிம்பு சாக்கெட்டுக்குள் இருக்கும் பசையை வழித்துக்கொண்டு போய்விடும். ஈரமும் தூசியும் துடைத்து, ஒருமுறை உலர்வாகப் பொருத்திப் பார்த்துக் குறி போடுங்கள். பைப்பில் நிறைவாக, சாக்கெட்டில் மெல்லிசாகப் பூசி, கால்சுற்றுச் சுற்றிக்கொண்டே கடைசிவரை தள்ளி, அரை நிமிடம் பிடித்திருங்கள். பிடிக்காமல் விட்டால் பைப் மெல்லப் பின்னுக்கு வரும், வெளியே தெரியாது. சாக்கெட்டில் தாராளமாகப் பூசினால் மிச்சம் உள்ளே வழிந்து தேங்கும். அது பைப் சுவரையே இளக்கி, சில மாதம் கழித்துச் சுடுதண்ணீர் அழுத்தத்தில் அந்த இடத்தில் வெடிக்கும். கதவு சாத்திய பாத்ரூமில் உட்கார்ந்து ஒட்டாதீர்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. அந்த ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும்.

மரை உள்ள இடத்தில் டெஃப்லான் டேப்பை, மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் ஃபிட்டிங் ஏறும்போதே டேப் பிரிந்து சுருண்டுவிடும். சணல் இரும்புக்கு நல்லது. பிளாஸ்டிக் மரையில் போடாதீர்கள், நனைந்து ஊதிப் பிளக்கும். குழாய் மாட்டும் முனைகளில் பித்தளை உள்மரை ஃபிட்டிங்கே போடுங்கள். பிளாஸ்டிக் மரை கொஞ்சம் மலிவு. ஆனால் அடுத்த முறை குழாய் மாற்றும்போது உடைந்து, டைல்ஸை உடைக்கும் செலவில் முடியும்.

டெஸ்டுக்கு வருவோம். எல்லா முனைகளிலும் டம்மி (அடைப்பு மூடி) அடித்து, மேல் முனை ஒன்றை மட்டும் திறந்து வைத்துக் கீழிருந்து தண்ணீர் நிரப்புங்கள். காற்று முழுக்க வெளியேறித் தண்ணீர் கோடாக வந்த பிறகுதான் மூட வேண்டும். காற்று மிச்சமிருந்தால் மீட்டர் முள் ஆடிக்கொண்டே இருக்கும். கசிவா காற்றா என்று சொல்ல முடியாது. பொதுவிதி, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு. வீடுகளில் சதுர செ.மீ.க்கு 6 முதல் 10 கிலோ வரை ஏற்றுவார்கள். ஒட்டிய ஜாயிண்டுகள் காய்வதற்கு டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை விட்டு, அப்புறம்தான் பம்ப். மாலையில் ஏற்றி காலையில் பார்த்தால் முள் சற்றே இறங்கியிருக்கலாம், இரவுக் குளிரில் அது நடக்கும். மறுபடி ஏற்றியும் இறங்கினால் கசிவு நிச்சயம். தண்ணீர் இல்லை என்று கம்ப்ரசர் காற்றை வைத்து பிளாஸ்டிக் பைப்பை டெஸ்ட் செய்வது மட்டும் வேண்டாம். தண்ணீரில் ஜாயிண்ட் விட்டால் சீறும். காற்றில் விட்டால் சில்லு சில்லாகப் பறக்கும்.

தண்ணீர் வரும் லைனைவிடப் போகும் லைன்தான் கற்கக் கடினமானது என்பது என் அபிப்பிராயம். வரும் லைனில் தப்பு இருந்தால் அழுத்தமே காட்டிக்கொடுத்துவிடும். கழிவு லைனில் தப்பு ஆறு மாதம் ஒளிந்திருந்து, குடிவந்த பிறகு நாற்றமாகத் தலைகாட்டும். வாட்டம் முதல் பாடம். நான்கு அங்குலப் பைப்புக்கு 40க்கு ஒன்று முதல் 60க்கு ஒன்று வரை சரியாக இருக்கும். பத்தடிக்கு இரண்டிலிருந்து மூன்று அங்குலம் இறக்கம். அதைவிடக் குறைந்தால் மலம் நின்றுவிடும். "எதற்கும் இருக்கட்டும்" என்று செங்குத்தாக விட்டால் தண்ணீர் முந்தி ஓடிவிட, கெட்டியானது பின்தங்கும். கண்ணளவில் வாட்டம் பார்க்காதீர்கள். நீளத்துக்கு டியூப் லெவல், அருகில் ரசமட்டம்.

கிடை லைன்கள் சேரும் இடத்தில் நேர் டீ போடாமல் ஒய் போடுங்கள். மேலிருந்து இறங்கும் பைப் தரையில் திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி. திருப்பங்களில் கதவு வைத்த (திறந்து சுத்தம் செய்ய மூடியுள்ள) பெண்ட் போட்டால் அடைத்துக்கொண்ட நாளில் உங்களை வாழ்த்துவார்கள். ரப்பர் ரிங் ஜாயிண்ட் என்றால் ரிங்கில் லூப்ரிகண்ட் தடவி முழுக்கத் தள்ளி, பிறகு 10 மி.மீ. பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். வெயிலில் பைப் நீளும்போது அந்த இடைவெளி வேண்டும். இதைச் செய்யாத மொட்டைமாடி லைன்கள் சித்திரையில் வளைந்து கிளாம்ப்பைப் பிடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

ட்ராப் என்பது என்னவென்று புரிந்தால் பாதி நாற்றப் புகார்களுக்கு விடை கிடைத்துவிடும். கழிவுப் பைப்பின் வளைவான அதில் தேங்கி நிற்கும் 50 மி.மீ. தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே இருக்கும் ஒரே கதவு. கம்மோடை ஃப்ளஷ் செய்ததும் தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பில் 'களக் களக்' என்று சத்தம் வந்தால், இறங்கும் தண்ணீர் பின்னால் உண்டாக்கும் வெற்றிடம் ட்ராப்பின் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பொருள். காரணம் காற்று போய்வர விடும் வெண்ட் பைப் இல்லாதது, அல்லது மொட்டைமாடியில் அதை யாரோ டம்மி போட்டு மூடியிருப்பது. ஆசிட் ஊற்றியும் வாசனை உருண்டை போட்டும் அது தீராது. விருந்தினர் பாத்ரூம் மட்டும் நாறுகிறது என்றால் வேறு கதை: பயன்படுத்தாமல் ட்ராப் காய்ந்துபோயிருக்கும். ஒரு மக் தண்ணீர் போதும்; அதற்குக் காசு வாங்காமல் வருவது நல்லது.

கம்மோடு வாங்கும் முன்பே அளவு தெரிய வேண்டும். எஸ் ட்ராப் (கழிவு தரைக்குள் இறங்குவது) என்றால் முடிந்த சுவரிலிருந்து பைப் மையம் வரை பெரும்பாலும் 9 அல்லது 12 அங்குலம். பீ ட்ராப் (கழிவு சுவர் வழியே போவது) என்றால் முடிந்த தரையிலிருந்து மையம் 180 மி.மீ. அருகில். 'முடிந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் வரை சாப்பிட்டுவிடும். வெறும் செங்கல்லிலிருந்து அளந்து வைத்தவர் கடைசி நாளில் கம்மோடைப் பொருத்த முடியாமல் நிற்பார். சுவருக்குள் போகும் டைவர்ட்டருக்கும் இதே கதிதான். அதன் உடம்பில் குறைந்தபட்ச, அதிகபட்ச ஆழக்குறி இருக்கும். டைல்ஸின் முகம் அந்த இரண்டு குறிகளுக்கு நடுவே வர வேண்டும். சூடும் குளிரும் கலக்கும் வால் மிக்சரின் இரண்டு முனைகளுக்கு இடையே மையத்துக்கு மையம் 6 அங்குலம், இரண்டும் ஒரே மட்டம். கொஞ்சம் பிசகினால் வளைந்த லெக் சரிசெய்யும், நிறையப் பிசகினால் டைல்ஸ்தான் உடையும்.

"மேல்மாடியில் ஷவர் வரவில்லை" என்ற புகாருக்குச் சின்னக் கணக்கு போதும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். ஷவருக்கு மேல் மூன்று மீட்டரில் டேங்க் இருந்தால் கிடைப்பது 0.3 கிலோதான். படம் பார்த்து வாங்கிய மழை ஷவருக்கு அது காணாது. எந்த பிளம்பர் வந்தாலும் பிரஷர் பம்ப் இல்லாமல் நடக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் நேற்று வரை வந்தது இன்று வரவில்லை என்றால் காற்று அடைப்பைச் சந்தேகியுங்கள். டேங்கிலிருந்து இறங்கும் லைனில், கேட் வால்வுக்கு அடுத்தாற்போல், டேங்கின் நீர்மட்டத்துக்கு மேலே போகும்படி ஒரு காற்றுப் பைப் ஏற்றிவிட்டால் அந்தத் தொல்லை வராது. மோட்டார் பக்கமும் இதே கணக்குதான். தரைமேல் வைத்த மோனோபிளாக் மோட்டார் ஆறேழு மீட்டருக்குக் கீழிருந்து தண்ணீரை இழுக்காது. அதற்கு எத்தனை ஹெச்.பி. போட்டாலும் பயனில்லை.

மோட்டாரைத் தொடும் முன் மெயினை இறக்குவது, காடி வெட்டும்போது கண்ணாடியும் மாஸ்க்கும், துருப்பிடித்த இரும்புக்கு டெட்டனஸ் ஊசி எல்லாம் தெரிந்ததே. தெரிந்தும் பிளம்பர்கள் சாகிற இடம் ஒன்று இருக்கிறது. செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால், "தம்பி, கொஞ்சம் இறங்கிப் பாரு" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். இறங்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது, கையால் கழிவகற்றும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கழிவை உறிஞ்சும் லாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். அந்த வீட்டு வேலை போனால் போகட்டும்.

கருவி வாங்குவதில் அவசரம் வேண்டாம். 12 அங்குல ஹாக்ஸா ஃபிரேம், 10 மற்றும் 14 அங்குல பைப் ரெஞ்ச், வாட்டர் பம்ப் பிளையர், ராட்செட் கட்டர், ரசமட்டம், டேப், தூக்குக்குண்டு, உளி, சுத்தியல். இவ்வளவில் ஓராண்டு ஓடும். கட்டிங் மெஷினும் டிரில்லிங் மெஷினும் சொந்த வேலை பிடித்த பிறகு. ரெஞ்ச்சில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். பல் வழுக்கினால் முட்டி பெயர்வது உங்களுக்குத்தான்.

ஹெல்ப்பரிலிருந்து பிளம்பராக உயர்வது கையால் மட்டும் நடப்பதில்லை, பொருள் பட்டியல் எழுதத் தெரிய வேண்டும். உங்கள் வீட்டு பாத்ரூமையே வரைந்து பாருங்கள். வாஷ்பேசினுக்குச் சூடும் குளிரும் 2, மிக்சருக்கு 2, ஷவருக்கு 1, ஃப்ளஷ் டேங்குக்கு 1, ஹெல்த் ஃபாசெட்டுக்கு 1, கீசருக்கு உள்ளே வெளியே 2. ஆக ஒன்பது முனை, ஒன்பது பித்தளை ஃபிட்டிங், ஒன்பது டம்மி. இனி ஒவ்வொரு திருப்பத்துக்கும் எல்போ, பிரிவுக்கு டீ, அளவு மாறும் இடத்துக்கு ரெடியூசர் என்று விரலால் தடம் பிடித்து எண்ணுங்கள். பைப் நீளத்தைக் கூட்டிப் பத்தடியால் வகுத்து மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மிச்சத்தையும் பற்றாக்குறையையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஐந்தாறு பாத்ரூம் இப்படிச் செய்தவரை எந்த காண்ட்ராக்டரும் ஹெல்ப்பராக வைத்திருக்க மாட்டார்.

18 வயதானதும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள். விபத்து நிவாரணம், பிள்ளைகள் கல்வி உதவி, 60க்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. வளைகுடாவுக்குப் போகும் எண்ணமிருந்தால் பத்தாம் வகுப்பை எப்படியாவது முடியுங்கள். அது இல்லாதவர் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற முத்திரை விழும். பல நாடுகளுக்கு வேலைக்குப் போக அதற்கென்று தனி அனுமதி வாங்க வேண்டிவரும். ஏஜெண்ட்டிடம் பணம் கட்டும் முன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள்.

முதல் சொந்த வேலை எடுக்கும்போது, பாயிண்ட் (முனை) கணக்கா சதுர அடிக் கணக்கா, பொருள் யார் வாங்குவது, காடி அடைப்பது கொத்தனாரா நீங்களா என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். பணத்தைக் கட்டம் பிரித்துக் கேளுங்கள்: பைப் போட்டு டெஸ்ட் காட்டியதும் ஒரு பங்கு, கழிவு லைன் முடிந்ததும் ஒரு பங்கு, குழாய்கள் மாட்டியதும் மீதி. டெஸ்ட் மீட்டரை வீட்டுக்காரர் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும். பின்னால் ஆணி அடித்துப் பைப்பைத் துளைத்தது யார் என்ற வழக்கு வரும்போது அது உதவும். கொத்தனார் பூசத் தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும், மூலையிலிருந்து டேப்பை நீட்டிப் பிடித்து, எண் தெரியும்படி போட்டோ எடுத்து, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.